பழைய மோட்டார் சைக்கிள்களில் எர்த் இணைப்பு: எந்த முனை, எந்தப் பாதை?

பேட்டரியின் இரண்டு முனைகளில் எதை வண்டியின் இரும்புச் சட்டகத்தோடு இணைப்பது என்ற கேள்வி, மோட்டார் சைக்கிளில் மின்விளக்கு வந்த காலம் முதல் கேட்கப்பட்டு வருகிறது. பிரிட்டிஷ் வண்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட இதற்கு ஒரே விடை நிலைத்ததில்லை. 1930களில் எதிர்முனையைச் சட்டகத்தோடு இணைத்த தொழிற்சாலைகள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் நேர்முனைக்கு மாறின. அவற்றில் எஞ்சியவை 1970களின் இறுதியில் மீண்டும் எதிர்முனைக்கே திரும்பின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பொறியியல் காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தக் காரணங்களில் எவை இன்றும் நிற்கின்றன, எவை மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தாமலேயே கார்களிலிருந்து எடுத்து வரப்பட்டன என்பதையும், முனையைப் பற்றிய இந்த நீண்ட விவாதம் அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியை எவ்வாறு மறைத்துவிட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வீட்டு மின்சாரத்தில் எர்த் என்பது மண்ணுக்குள் புதைத்த தகட்டோடு அமையும் பாதுகாப்பு இணைப்பு. மோட்டார் சைக்கிளிலோ எர்த் மண்ணைத் தொடுவதே இல்லை. பேட்டரியிலிருந்து ஒரு கம்பி வழியாக விளக்குக்குச் செல்லும் மின்னோட்டம், திரும்பி வருவதற்கு இன்னொரு கம்பியைத் தேடாமல் விளக்கின் கூடு, முன்ஃபோர்க், சட்டகம் ஆகிய உலோகப் பகுதிகள் வழியாகவே பேட்டரியின் மறுமுனையை அடைகிறது. இந்தத் திரும்பு பாதையைத்தான் பட்டறைகளில் எர்த் அல்லது பாடி எர்த் என்கிறார்கள். நேர்முனை சட்டகத்தோடு இணைந்திருந்தால் அது நேர்முனை எர்த். எதிர்முனை இணைந்திருந்தால் எதிர்முனை எர்த்.

மேக்னெட்டோவின் காலம்

மோட்டார் சைக்கிளில் எர்த் என்ற கருத்து பேட்டரிக்கு முந்தியது. 1902இல் ராபர்ட் போஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹொனோல்ட் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோ, பேட்டரியின் துணையின்றித் தானே மின்சாரம் உண்டாக்கித் தீப்பொறி தந்த கருவி. ஸ்பார்க் பிளக்கின் நடு மின்முனைக்குக் கம்பி வழியாக வரும் மின்சாரம், பிளக்கின் வெளிக்கூடு, சிலிண்டர் தலை, என்ஜின் உடல் வழியாகத்தான் மேக்னெட்டோவுக்குத் திரும்பியாக வேண்டும். எனவே என்ஜினின் உலோகமே அப்போதே திரும்பு கம்பியாகிவிட்டது. விளக்குகள் அசிட்டிலீன் வாயுவில் எரிந்த அந்த நாட்களில் எந்த முனை என்ற கேள்விக்கு இடமில்லை.

சுழலும் ஆர்மேச்சர் கொண்ட மேக்னெட்டோவில் ஒரு நுட்பமான ஏற்பாடு உண்டு. ஆர்மேச்சரைத் தாங்கும் பேரிங்குகளின் வெளி வளையங்கள் காப்புத் தாள் கொண்டு உடலிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கும். திரும்பு மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாயாமல், அதற்கென வைத்த சிறிய கார்பன் பிரஷ் வழியாகச் செல்லும். இந்த எர்த் பிரஷ் தேய்ந்தாலோ, பழுது பார்த்தவர் அதைத் திரும்பப் பொருத்த மறந்தாலோ, மின்னோட்டம் பேரிங்குகளின் வழியே பொறி பறக்கப் பாய்ந்து அவற்றின் பரப்பை அரிக்கும். திரும்பு பாதை தற்செயலாக அமைவதற்கு விடக் கூடாது, திட்டமிட்டு அமைக்க வேண்டும் என்பதை மேக்னெட்டோ வடிவமைத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இந்த ஏற்பாடே சான்று. பின்னாளில் விளக்குச் சுற்றுகளை அமைத்தவர்களிடம் இதே கவனம் காணப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

டைனமோவும் பேட்டரியும் வந்தபின் தொழிற்சாலைகளுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு கம்பிகள் இழுப்பது ஒன்று. ஒரு கம்பியை மட்டும் இழுத்து, திரும்புவதைச் சட்டகத்திடம் விடுவது மற்றொன்று. செம்பும் உழைப்பும் மிச்சம் என்பதால் இரண்டாவது வழி பரவியது. அப்போதுதான் முனையைப் பற்றிய கேள்வி எழுந்தது.

தீப்பொறி வாதம்

நேர்முனை எர்த்துக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் முதல் காரணம் தீப்பொறி பற்றியது. என்ஜின் ஓடும்போது ஸ்பார்க் பிளக்கின் நடு மின்முனை, வெளிக்கூட்டோடு ஒட்டிய மின்முனையைவிட அதிகமாகச் சூடேறுகிறது. சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் எளிதில் வெளிப்படும். ஆகவே நடு மின்முனை எதிர் மின்னழுத்தத்தில் இருந்தால் குறைந்த அழுத்தத்திலேயே பொறி தாவும். இந்த இயற்பியலில் பெரிய ஐயம் இல்லை. ஆனால் இதிலிருந்து பேட்டரியின் நேர்முனையைச் சட்டகத்தோடு இணைத்தாக வேண்டும் என்ற முடிவுக்குத் தாவுவதில் இரண்டு பிழைகள் உள்ளன.

பிளக்குக்குச் செல்லும் உயர் அழுத்தத்தின் முனைமையைத் தீர்மானிப்பது பேட்டரியின் எர்த் மட்டுமல்ல. இக்னிஷன் காயிலுக்குள் கம்பி சுற்றப்பட்ட திசையும், அதன் தாழ் அழுத்த முனைகள் இரண்டும் இணைக்கப்பட்ட விதமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. எர்த் முனையை மாற்றினால், பாயிண்டுக்குச் செல்லும் கம்பியையும் சுவிட்சிலிருந்து வரும் கம்பியையும் காயிலில் இடம் மாற்றிக் கொடுத்தால் போதும். பிளக்கின் நடு மின்முனை முன்போலவே எதிர் மின்னழுத்தத்தில் நிற்கும். ஒரு நிமிட வேலையில் சரியாகும் ஒன்றை வண்டி முழுவதின் மின்னமைப்புக்கும் அடிப்படைக் காரணமாக ஏற்பது கடினம்.

இரண்டாவது பிழை மோட்டார் சைக்கிளுக்கே உரியது. போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் மின்கருவிகள் தயாரித்த லூகாஸ் நிறுவனத்தின் கே2எஃப் போன்ற மேக்னெட்டோக்களே இருந்தன. அவற்றின் ஆர்மேச்சர் ஒரு சுற்றில் இரண்டு முறை பொறி தருகிறது; அந்த இரண்டும் எதிரெதிர் முனைமை கொண்டவை. ஆகவே ஒரு சிலிண்டருக்கு எப்போதும் சாதகமான பொறியும், மற்றதற்கு எப்போதும் பாதகமான பொறியுமே கிடைத்தன. பேட்டரியின் எந்த முனை சட்டகத்தோடு இணைந்திருந்தாலும் மேக்னெட்டோ அதை அறியாது. டிரையம்ப் ஸ்பீட் ட்வின் வண்டி காயில் இக்னிஷனுக்கு மாறியதே 1953இல்தான். 1969இல் வந்த ஹோண்டா சிபி750 வண்டியிலோ ஒரே காயில் இரண்டு பிளக்குகளுக்குப் பொறி தந்தது. அந்த இரண்டில் ஒன்று தலைகீழ் முனைமையில்தான் எரிந்தது, ஆயினும் அந்த வண்டியின் நம்பகத்தன்மை உலகப் புகழ் பெற்றது. தீப்பொறி வாதம் கார்களில் பிறந்து, காயில் இல்லாத மோட்டார் சைக்கிள்களுக்கும் நீட்டிக்கப்பட்ட வாதமாகவே தோன்றுகிறது.

அரிமான வாதம்

இரண்டாவது காரணம் இதைவிட வலுவானது. ஈரமான சூழலில் இரண்டு உலோகங்களுக்கிடையே மின்னோட்டம் கசியும்போது, நேர் மின்னழுத்தத்தில் இருக்கும் உலோகமே கரைந்து அரிக்கப்படுகிறது. எதிர்முனை எர்த் வண்டியில் கம்பிகளும் அவற்றின் முனை இணைப்புகளும் நேர் மின்னழுத்தத்தில் இருப்பதால், மழையும் சேறும் படும் இடங்களில் அந்தச் சிறிய செம்பு இணைப்புகள் பச்சை பூத்து அரித்துப் போகும். நேர்முனையைச் சட்டகத்தோடு இணைத்தால் அரிமானம் சட்டகத்தின் பக்கம் திரும்பும். அது கனமான இரும்பு என்பதால் இழப்பு தெரியாது. தொலைபேசி நிலையங்கள் நேர்முனையை மண்ணோடு இணைத்து, கம்பிகளை 48 வோல்ட் எதிர் மின்னழுத்தத்தில் வைத்ததற்கும், புதைத்த செம்புக் கம்பிகளைக் காப்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதே தத்துவத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தி, எதிர்முனை எர்த் சட்டகத்தையும் பெட்ரோல் டேங்கையும் துருவிலிருந்து காக்கும் என்று வாதிடுவோரும் உள்ளனர். இந்த இரண்டாம் கூற்று அவ்வளவு எளிதில் நிற்பதல்ல. ஒரு உலோகத்தை மின்வழியாகத் துருவிலிருந்து காக்க வேண்டுமானால், அதுவும் அதற்கு எதிரான மின்முனையும் ஒரே ஈரப் பரப்பில் தொடர்ச்சியாக மூழ்கியிருக்க வேண்டும். கப்பலின் அடிப்பகுதிக்கும் மண்ணுக்குள் ஓடும் குழாய்க்கும் அந்த நிலை உண்டு. சாலையில் ஓடும் வண்டியின் சட்டகத்துக்கு அப்படிப்பட்ட தொடர்ச்சியான ஈரப் பரப்பு கிடையாது. கசிவு நிகழும் புள்ளியைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தூரத்துக்கு மேல் முனையின் செல்வாக்கு நீள்வதில்லை என்றே கருத வேண்டும். எனவே அரிமான வாதம் இணைப்புகளின் அளவில் பொருந்துகிறது; வண்டி முழுவதின் அளவில் பொருந்துவதில்லை. சுத்தம் செய்து, இறுக்கி, வாஸ்லின் தடவிய இணைப்பில் இரு முனைகளுக்கும் இடையிலான வேறுபாடு நடைமுறையில் மறைந்துவிடுகிறது.

எதிர்முனை வென்றது எப்படி

நேர்முனை எர்த் பிரிட்டனுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஃபோர்டு கார்கள் 1955 வரை 6 வோல்ட் நேர்முனை எர்த்துடன் வந்து, 1956இல் 12 வோல்ட்டுக்கு மாறியபோது எதிர்முனைக்குச் சென்றன. ஜெர்மானிய, ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலானவை எதிர்முனையையே கொண்டிருந்தன. டிரான்சிஸ்டர், டயோடு போன்ற மின்னணுப் பொருள்கள் வாகனங்களுக்குள் வந்தபோது ஒரே முனைமை எல்லா நாடுகளிலும் இருப்பது உற்பத்தியாளர்களுக்குத் தேவையாயிற்று. 1960களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கார்கள் எதிர்முனைக்கு மாறின. மோட்டார் சைக்கிள்கள் அதன்பின் ஏறத்தாழ பத்தாண்டு கழித்தே மாறின. எதிர்முனை வென்றது அது சிறந்தது என்று நிறுவப்பட்டதால் அல்ல, எல்லோரும் ஒன்றையே பின்பற்ற வேண்டியிருந்ததால்தான் என்று கொள்வதே ஆதாரங்களுக்கு நெருக்கமான முடிவு.

மறக்கப்பட்ட கேள்வி: திரும்பு பாதை

முனையைப் பற்றி இவ்வளவு எழுதப்பட்டிருக்க, மின்னோட்டம் உண்மையில் எந்தப் பாதையில் திரும்புகிறது என்பது குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது. பழைய வண்டிகளின் மங்கலான விளக்குக்கும் அவ்வப்போது நின்றுபோகும் என்ஜினுக்கும் காரணம் பெரும்பாலும் இங்கேதான் உள்ளது.

பழைய வண்டி ஒன்றின் முகப்பு விளக்கை எடுத்துக்கொள்ளலாம். எர்த்துக்கெனத் தனிக் கம்பி இல்லாத வண்டிகளில், விளக்கிலிருந்து திரும்பும் மின்னோட்டம் விளக்குக் கூடு, அதைத் தாங்கும் காதுகள், ஃபோர்க் ஆகியவற்றைக் கடந்து, கோன் செட் எனப்படும் கைப்பிடித் தலையின் பேரிங் குண்டுகள் வழியாகச் சட்டகத்தை அடைய வேண்டும். அந்தக் குண்டுகள் கிரீஸில் மூழ்கியவை; கைப்பிடி திரும்பும்போது அவற்றின் தொடுபரப்பு மாறிக்கொண்டே இருக்கும். விளக்குக் கூட்டுக்கும் காதுக்கும் நடுவே பெயின்ட் இருக்கும். இத்தனை தடைகளையும் சேர்த்து 0.2 ஓம் மின்தடை உருவானால் என்ன நிகழும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

6 வோல்ட், 30 வாட் பல்பு ஒன்றின் மின்தடை எரியும் நிலையில் 1.2 ஓம். எர்த் பாதையின் 0.2 ஓம் அதனோடு சேரும்போது பல்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ 5.1 வோல்ட். இழை பல்பின் ஒளி, அழுத்தத்தின் 3.4ஆம் அடுக்கை ஒட்டி மாறுகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு; அதன்படி ஒளி ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். அதே 0.2 ஓம் தடை, 12 வோல்ட், 30 வாட் பல்பின் சுற்றில் இருந்தால் ஒளி இழப்பு 13 விழுக்காடு மட்டுமே. பல்பின் மின்தடை வெப்பத்தோடு மாறுவதால் இவை தோராயமான எண்கள்தாம். ஆயினும் 6 வோல்ட் வண்டிகளின் விளக்கு மோசம் என்ற பெயரில் டைனமோவும் லூகாஸ் நிறுவனமும் சுமந்த பழியில் கணிசமான பங்கு எர்த் பாதைக்கு உரியது என்பதை இந்தக் கணக்கு உணர்த்துகிறது.

1967இல் அறிமுகமான நார்ட்டன் கமாண்டோ இந்தக் கேள்வியை வேறு வகையில் கூர்மையாக்கியது. அதிர்வைக் குறைப்பதற்காக அதன் என்ஜினும் கியர்பாக்ஸும் ஐசோலாஸ்டிக் எனப்பட்ட ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்த்தப்பட்டன. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே என்ஜினுக்கெனத் தனி எர்த் கம்பி இன்றியமையாதது. அது அறுந்தாலும் வண்டி உடனே நிற்பதில்லை என்பதுதான் ஆபத்து. மின்னோட்டம் கிளட்ச் கேபிளையோ ஆக்ஸிலரேட்டர் கேபிளையோ பிடித்துக்கொண்டு திரும்புகிறது. 1975இல் மின் ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்ட மார்க் 3 வகையில், ஸ்டார்ட்டருக்கான பெரும் மின்னோட்டம் அப்படிப் பாயுமானால் அந்தக் கேபிள்கள் சூடேறிக் கெடும்.

இன்றைய புதுப்பிப்புப் பணிகள் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டியில் இல்லாத குறைகளையும் புகுத்துகின்றன. சட்டகத்துக்கு இப்போது விரும்பிச் செய்யப்படும் பவுடர் கோட்டிங் தடித்த, கடினமான மின்காப்புப் படலம். போல்ட் துளைகளின் ஓரத்திலும் திருகுமறைகளின் உள்ளேயும் அது படிந்துவிட்டால், கண்ணைக் கவரும் வண்டியில் எர்த்தே இருக்காது. எர்த் புள்ளிகளில் மட்டும் படலத்தைச் சுரண்டி உலோகத்தை வெளிக்கொணர்ந்து, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

கருத்து வேறுபாடு இருப்பது அதற்கு அடுத்த படியில். சட்டகத்தை நம்பாமல் ஒவ்வொரு கருவிக்கும் எர்த் கம்பி இழுத்து, எல்லாவற்றையும் பேட்டரி அருகே ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. மின்னணு இக்னிஷன் பொருத்தியவர்கள் பெரும்பாலும் இத்தரப்பினர். சிறிய அழுத்த ஏற்ற இறக்கமும் மின்னணுப் பெட்டியைத் தடுமாறச் செய்யும் என்பது அவர்கள் கூறும் காரணம். கம்பிக் கற்றை தடிக்கும், பழைய வண்டியின் தோற்றம் மாறும், பிளக்கின் திரும்பு பாதை எப்படியும் என்ஜின் உடல்தான் என்பதால் சட்டகத்தை முற்றிலும் விலக்கவும் முடியாது என்பவை மறுதரப்பின் எதிர்வாதங்கள். முகப்பு விளக்கு, என்ஜின், ரெக்டிஃபையர் ஆகிய மூன்றுக்கும் தனிக் கம்பியும், மற்றவற்றுக்குச் சட்டகமும் என்ற இடைவழி பெரும்பாலான வண்டிகளுக்குப் போதுமானது என்றே தோன்றுகிறது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் சோதிக்கும் முறையில் ஒரு எச்சரிக்கை தேவை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்ப்பது ஏமாற்றக்கூடியது. பத்து இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சிய கம்பியும் சுழியம் என்றே காட்டும். விளக்கை எரியவிட்டு, மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, பேட்டரியின் எர்த் முனைக்கும் விளக்குக் கூட்டுக்கும் இடையே எவ்வளவு அழுத்தம் இழக்கப்படுகிறது என்று பார்ப்பதே நம்பத்தக்கது. அது 0.1 அல்லது 0.2 வோல்ட்டைத் தாண்டினால் பாதையில் குறை இருக்கிறது.

மாற்றுவதா, காப்பதா

நேர்முனை எர்த் வண்டியை இன்று எதிர்முனைக்கு மாற்றலாமா என்பதில் புதுப்பிப்பாளர்கள் இரு அணியாக நிற்கின்றனர். எல்இடி விளக்கு, மின்னணு ஃபிளாஷர், செல்பேசி சார்ஜர் ஆகியவை எதிர்முனை எர்த்தை எதிர்பார்த்துச் செய்யப்படுவதால் மாற்றம் வசதியானது என்பது ஒரு அணி. வண்டி வரலாற்று ஆவணம், அதன் மின்னமைப்பும் அந்த ஆவணத்தின் பகுதி என்பது மற்றொன்று.

தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை, மாற்றத்தின் கடினம் வண்டியின் வயதைப் பொறுத்தது. டைனமோ வண்டியில் அது எளிது: பேட்டரியைத் திருப்பி வைத்து, அம்மீட்டர் கம்பிகளை இடம் மாற்றி, டைனமோவின் ஃபீல்டு முனையைப் பேட்டரியின் எர்த் அல்லாத முனையோடு ஒரு நொடி தொட்டு அதன் எஞ்சிய காந்தத்தைப் புதிய திசைக்குத் திருப்பினால் பெரும்பகுதி முடிந்துவிடும். ஆல்டர்னேட்டர் வண்டியில் நிலைமை வேறு. ஆல்டர்னேட்டருக்கு முனைமை இல்லை. ஆனால் அதன் மின்சாரத்தை ஒருதிசையாக்கும் ரெக்டிஃபையருக்கும், 1960களின் நடுப்பகுதியில் 12 வோல்ட்டோடு வந்த ஜீனர் டயோடுக்கும் உண்டு. மிகையான அழுத்தத்தை வெப்பமாக்கி வெளியேற்றும் ஜீனர் டயோடு, தலைகீழாக இணைக்கப்பட்டால் சாதாரண டயோடு போலக் கடத்திப் பேட்டரியையே குறுக்குச்சுற்றாக்கிவிடும். அதன் உலோகத் தளமே எர்த்தும் ஆவதால், அதை அப்படியே வைத்துக்கொண்டு முனையை மாற்ற இயலாது.

நிறக் குறியீடும் தவறுக்கு இடம் தருகிறது. 1960கள், 70களின் பிரிட்டிஷ் வண்டிகளில் சிவப்புக் கம்பிதான் எர்த். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து வரும் மின்கம்பி பழுப்பும் நீலமும் கலந்தது. சிவப்பென்றால் மின்சாரம், கறுப்பென்றால் எர்த் என்று பழகிய கை இந்த வண்டிகளில் பேட்டரியைத் தவறாக இணைத்து ரெக்டிஃபையரை எரித்துவிடக்கூடும்.

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் அயலானதல்ல. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், 1955 முதல் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகி, பிரிட்டனில் அந்நிறுவனம் மறைந்த பின்னும் இங்கே தொடர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் சென்னையின் பாடி பகுதியில் அமைந்த லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை, லூகாஸ் மரபை இந்திய வாகனங்களுக்குக் கொண்டுவந்தது. இத்தனை பத்தாண்டுகளில் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கும், ஒரு வகைக் கருவியிலிருந்து இன்னொன்றுக்கும் மாறி, பல கைகள் பழுது பார்த்த ஒரு புல்லட்டின் எர்த் எந்த முனை என்பதை, அதன் பெயரையோ ஆண்டையோ வைத்துச் சொல்லிவிட முடியாது. வண்டியில் உள்ள கருவிகளைப் பார்த்தே அறிய வேண்டும்.

எஞ்சியிருப்பவை

சில கேள்விகள் இன்னும் தீரவில்லை. கோன் செட் வழியாக நெடுங்காலம் பாயும் சிறு மின்னோட்டம் அதன் குண்டுகளைத் தேய்க்கிறதா, அங்கே காணும் குழிகளுக்குச் சாலையின் அதிர்ச்சியே முழுக் காரணமா என்பது பிரித்தறியக் கடினமானது. தலைகீழ் முனைமையில் பல்லாயிரம் கிலோமீட்டர் எரிந்த பிளக்கின் மின்முனைத் தேய்வு எவ்வளவு மாறுபடுகிறது என்பதும், இன்றைய பெட்ரோல், இன்றைய பிளக் ஆகியவற்றோடு சேர்த்து மறுபடி ஆராயத் தக்கது. மின்னமைப்பை மாற்றிய வண்டி வரலாற்று மதிப்பை எந்த அளவு இழக்கிறது என்பது அளவுகோலால் தீர்வதன்று.

முனையைப் பொறுத்தவரை, நேர்முனையோ எதிர்முனையோ மற்றதைவிட வண்டியை நன்றாக ஓட்டும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. காரணம் எதுவாயினும் முனையை மாற்றியவர்கள், எந்த முனை எர்த் என்பதைப் பேட்டரிப் பெட்டியின் மேல் அழியாத எழுத்தில் எழுதி வைப்பார்களாக. அடுத்து அந்த வண்டியைத் திறப்பவருக்கு வேறு எந்தக் குறிப்பும் கிடைக்கப் போவதில்லை.